பித்தநாளத்தைப் புற்று அடைத்தால்: பித்தத்தை வடிய விடும் சிகிச்சைகள், படிப்படியாக

அப்பாவுக்குச் சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகத் தொடங்கியபோது அம்மா நேரே சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போய்க் கீழாநெல்லி வாங்கி வந்தார். அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில். கூடவே உப்பில்லாப் பத்தியம். பத்து நாளாகியும் கண்ணில் மஞ்சள் குறையவில்லை. அரிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. இரவில் அப்பா கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். பதினோராம் நாள் ஈசூன் பலதுறை மருந்தகத்துக்கு (அரசு பாலிகிளினிக்) போனோம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் காமாலை என்றால் ஒரு நோய், அதற்கு ஒரு மருந்து. உண்மையில் காமாலை ஓர் அடையாளம்தான். கல்லீரல் அழற்சியால் வரும் காமாலையும், பித்தம் இறங்கும் குழாயைக் கட்டி நெரிப்பதால் வரும் காமாலையும் கண்ணுக்கு ஒரே மஞ்சள். இரண்டாவது வகையில் சாக்கடை அடைத்த வீட்டின் கதைதான்: அடைப்பைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றி வேறு வழி வெட்ட வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. பதினான்கு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்பாவின் பின்னால் நடந்தவள். அந்த நோட்டில் இருந்ததையும், அவசரத்தில் யாரும் எங்களுக்கு விளக்காமல் விட்டதையும் வரிசைப்படுத்துகிறேன். மருந்தின் அளவு, நிறுத்துவது, தொடங்குவது எல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

படி 1: எந்தக் காமாலை?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாக இறங்கி, கணையத் தலையை ஒட்டி வந்து, முன்சிறுகுடலில் கலக்கிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். வழி அடைபட்டால் மலம் வெளிறிக் களிமண் நிறமாகும். பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபின் இரத்தத்தில் திரும்பிக் கலந்து சிறுநீர் வழியாகப் போவதால் சிறுநீர் கருக்கும். கூடவே அரிப்பு, பசியின்மை, எடை குறைதல். வலி இல்லாமலும் வரலாம். வலி இல்லாத காமாலையை 'லேசான காமாலை' என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்று. ஐம்பது வயதுக்கு மேல் வலியில்லாமல் கண் மஞ்சளானால் கணையப் புற்றா என்று மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள்.

வழியை அடைப்பவை பல: கணையத் தலைப் புற்று, பித்தநாளத்திலேயே வரும் புற்று, பித்தப்பைப் புற்று, நாளம் குடலில் திறக்கும் வாயில் வரும் கட்டி, வேறிடத்துப் புற்று பரவி வீங்கிய நெரிகட்டிகள். பித்தக்கல்லும் அடைக்கும். அதனால் 'குழாய் அடைப்பு' என்றதும் புற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பலதுறை மருந்தகத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்வார்கள். பிலிருபின் ஆரோக்கியமானவருக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 20 மைக்ரோமோலுக்குள் இருக்கும். 40, 50 தாண்டும்போதுதான் கண்ணில் மஞ்சள் தெரியும். முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் எல்லா முடிவும் இந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் வந்து நிற்கும்.

காமாலையோடு காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் மருந்தகத்தில் எண் வாங்கிக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

படி 2: குழாய் வைக்குமுன் படம்

மஞ்சளைப் பார்த்ததும் 'சீக்கிரம் ஏதாவது செய்யுங்க டாக்டர்' என்று நெருக்கத் தோன்றும். நானும் நெருக்கினேன். ஆனால் கிருமித்தொற்று இல்லாதவரை ஒன்றிரண்டு நாள் பொறுப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு, படம் தெளிவாகத் தெரிய மாறுபொருள் ஊசி போட்டு, சிடி ஸ்கேன். ஸ்டென்ட் (அடைப்புக்குள் வைத்து வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) உள்ளே போன பிறகு சிடி எடுத்தால் அதன் நிழலும், அது கிளப்பிய வீக்கமும் கட்டியின் எல்லையை மறைத்துவிடும். கட்டியை அறுத்து எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நல்ல படம் கிடைப்பது பெரும்பாலும் குழாய்க்கு முன்னால்தான்.

அடைப்பு மேலே, கல்லீரலை ஒட்டி வலது இடது நாளங்கள் சேரும் கவட்டையில் இருந்தால் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ படம் அவசியமாகிறது. நாளங்கள் மரக்கிளை போல அதில் தெரியும். எந்தக் கிளையில் குழாய் வைத்தால் கல்லீரலின் பெரும்பகுதி வடியும் என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். குழாய் வைக்கும்போது எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயத்தை வடிய வழியில்லாத கிளைக்குள் செலுத்திவிட்டால் அங்கே கிருமி தங்கிவிடும்.

திசு எடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய எண்டோஸ்கோப்பை (கேமராவுள்ள வளையும் குழாய்) வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, ஊசியால் கட்டியைக் குத்தி எடுப்பார்கள். நாளத்துக்குள் தூரிகை விட்டுச் சுரண்டியும் எடுக்கலாம். ஆனால் தூரிகையில் புற்று உயிரணு கிடைக்கவில்லை என்றால் புற்று இல்லை என்று பொருளில்லை. எங்கள் பெரியப்பா வீட்டில் அதை நம்பிப் பால் பாயசம் வைத்துவிட்டார்கள்.

படி 3: 'இந்தக் குழாய் எதற்கு, டாக்டர்?'

முழுக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் இந்தக் கேள்வி நிற்கட்டும். பதில் நான்கில் ஒன்றாக இருக்கும்.

அறுவைக்கு முன் என்றால்: கட்டியை எடுக்க முடியும், தேதியும் அருகில் இருக்கிறது, தொற்று இல்லை என்றால் குழாயே வேண்டாமலும் போகலாம். 2010இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு, கணையத் தலைப் புற்றால் பிலிருபின் 40 முதல் 250 வரை ஏறியவர்களைப் பார்த்தது. நேரே அறுவைக்குப் போனவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், முதலில் பித்தத்தை வடித்துவிட்டுப் போனவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல் வந்தது. மஞ்சளோடு அறுவையா என்று நாம் பதறுவோம். சில நேரம் அதுதான் சரி. பிலிருபின் மிக அதிகம், தொற்று, அறுவை தள்ளிப்போகிறது, முதலில் கீமோ என்றால் கணக்கு மாறும்.

கீமோவுக்காக என்றால்: பிலிருபின் இறங்காமல் பல மருந்துகளைக் கொடுக்க முடியாது. அப்போது குழாய் மாதக்கணக்கில் அடைக்காமல் தாங்க வேண்டும்.

தொற்றுக்காக என்றால்: உயிர் காக்கும் அவசரம். எந்தக் குழாய், எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் பிறகு.

அரிப்பும் சோர்வும் தீர என்றால்: நோயாளிக்கு எது குறைந்த தொல்லையோ அதுவே நல்ல வழி.

எண்பது வயதுக்காரருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும், ஒரே படத்துக்கு வெவ்வேறு குழாய் சொல்வது இதனால்தான். 'பக்கத்துக் கட்டில் அங்கிளுக்கு மெட்டல் போட்டாங்க, எங்களுக்கு ஏன் பிளாஸ்டிக்?' என்று நான் தாதியிடம் கேட்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

படி 4: வழிகள்

முதல் வழி, பெரும்பாலோருக்கு, இஆர்சிபி. வாய் வழியாக எண்டோஸ்கோப் முன்சிறுகுடல் வரை போகும். நாளத்தின் வாயைக் கண்டு, கம்பி விட்டு, சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்து, அடைப்புக்குக் குறுக்கே ஸ்டென்ட் வைப்பார்கள். வெளியே எதுவும் தொங்காது. இப்படி எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தில் குழாய் வைப்பதைத் தொடங்கி வைத்தவர் நிப் சுஹேந்திரா. நம் பக்கத்து இந்தோனேசியாவில் பிறந்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பணியாற்றியவர், 1979–80 வாக்கில் செய்தார். அதற்கு முன் வயிற்றைக் கிழித்தோ விலாவில் துளைத்தோதான் வடிக்க வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் அகலம். மலிவு, எளிதில் எடுக்கலாம், ஆனால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் கசடு சேர்ந்து அடைக்கும். நோய் எதுவென்று உறுதியாகாதபோது இதைத்தான் வைப்பது வழக்கம். உலோக ஸ்டென்ட் வலைபோல் சுருங்கிப் போய் உள்ளே பத்து மில்லிமீட்டர் வரை விரியும். பலருக்கு ஆறு மாதம், அதற்கு மேலும் தாங்கும். அதிலும் உறை போட்டது, போடாதது என்று இரண்டு. உறை போடாததில் வலைக் கண் வழியாகக் கட்டி உள்ளே வளரும், பிறகு அதை எடுக்க முடியாது. உறை போட்டதை எடுக்கலாம், ஆனால் இடம் நழுவக்கூடும்.

இஆர்சிபியில் அதிகம் வரும் சிக்கல் கணைய அழற்சி. பொதுவாக நூறில் மூன்று முதல் பத்துப் பேருக்கு வருகிறது, பெரும்பாலும் லேசாக. அதைக் குறைக்க ஆசனவாயில் ஒரு மாத்திரை வைப்பார்கள். அப்பா அதற்குத்தான் அதிகம் கோபப்பட்டார். இரத்தக் கசிவு, குடலில் துளை ஆகியவை அரிது, ஆனால் ஒப்புதல் தாளில் அவற்றைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது, பிடிபிடி. எண்டோஸ்கோப் எட்டாத இடம், முன்பு வயிற்றில் அறுவை செய்து வழி மாறியவர்கள், கட்டி குடலையே அடைத்தவர்கள், கவட்டையில் சிக்கலான அடைப்பு: இவர்களுக்கு. கதிரியக்கப் பிரிவு மருத்துவர் அல்ட்ராசவுண்டில் பார்த்து, வலது விலா இடுக்கிலோ மேல் வயிற்றிலோ தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்தி, பித்தநாளத்தில் குழாய் வைப்பார். பித்தம் வெளியே பைக்கு மட்டும் வருவது ஒரு வகை. அடைப்பைத் தாண்டிக் குடலுக்குள்ளும் முனை நீண்டு, உள்ளும் வெளியும் வடிவது இன்னொரு வகை. சிலருக்கு அதே துளை வழியாக உலோக ஸ்டென்ட் வைத்து, வெளிக்குழாயைப் பிறகு எடுத்துவிடுவார்கள். 'இந்தப் பை நிரந்தரமா, பிறகு உள்ளே ஸ்டென்டாக மாற்ற முடியுமா?' என்று அன்றைக்கே கேளுங்கள்.

மூன்றாவது புதிய வழி: அல்ட்ராசவுண்ட் எண்டோஸ்கோப்பால் இரைப்பைச் சுவரிலிருந்தோ முன்சிறுகுடலிலிருந்தோ நாளத்துக்குள் குத்தி, இரண்டையும் ஸ்டென்டால் இணைப்பது. 2001 முதல் செய்யப்படுகிறது. பை கிடையாது, கட்டியைத் தொடாமல் சுற்றிப் போகும் வழி. பித்தம் வயிற்றுக்குள் கசிவது இதன் முக்கிய ஆபத்து. கைப்பழக்கம் நிறையத் தேவைப்படும் வேலை என்பதால், உங்கள் மருத்துவமனையில் அடிக்கடி செய்கிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

நான்காவது, குடலைப் பித்தநாளத்தோடு தைத்து இணைக்கும் அறுவை. கட்டியை எடுக்கத் திறந்து, எடுக்க முடியாமல் போனால் இதைச் செய்வதுண்டு. ஸ்டென்டுக்குப் பதிலாக இதையே முதலில் தேடுவது இப்போது குறைவு.

படி 5: அந்த நாளும் அதற்கு முந்திய நாளும்

பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறைவது தாமதமாகும். அதனால் ஐஎன்ஆர் என்ற இரத்த உறைவுப் பரிசோதனை பார்த்து, தேவைப்பட்டால் ஊசி போடுவார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்துவது இன்னொரு ஆபத்து. நீரிழிவு மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் உண்ணாநோன்பு நாளில் என்ன செய்வது என்று எழுதி வாங்குங்கள். பொதுவாக ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. ஊர் மருந்து, மூலிகைச் சாறு எது கொடுத்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

அப்பா டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் 'ஓகே, ஓகே' என்றார். வெளியே வந்து 'என்னம்மா சொன்னார்?' என்றார். நம் பெரியவர்களுக்கு இது மரியாதை. ஒப்புதல் தாளுக்கு முன் தமிழில் விளக்க ஆள் கேளுங்கள். மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியரோ மொழிபெயர்ப்பாளரோ ஏற்பாடு செய்வார்கள். 'அப்பாவிடம் புற்றுன்னு சொல்லிடாதீங்க' என்று வாசலில் டாக்டரை மறிக்கும் பிள்ளைகளுக்கு: தெளிவான சிந்தனையோடு இருக்கும் பெரியவருக்காக நாம் கையெழுத்துப் போட முடியாது. எதற்குக் குழாய் என்று தெரியாமல் அவராலும் போட முடியாது.

சிகிச்சை முடிந்ததும் வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி எடுத்தால், மலம் தார்போல் கருத்தால், உடனே தாதியிடம் சொல்லுங்கள். மலம் மஞ்சளாக வருவதும் சிறுநீர் வெளுப்பதும் குழாய் வேலை செய்வதன் முதல் அறிகுறி. கண் மஞ்சள் மறைய வாரங்கள் ஆகும்.

படி 6: பையோடு வீட்டுக்கு வந்தால்

எங்கள் மாடியிலேயே ஒரு மாமா பிடிபிடி பையோடு இருந்தார். அவர் மனைவியும் இல்லப் பணிப்பெண்ணும் செய்ததைப் பார்த்துக் கற்றவை இவை. வீட்டுக்கு அனுப்புமுன் தாதியின் கண்ணெதிரே ஒருமுறை உங்கள் கையால் செய்து காட்டுங்கள். யார் பகலில் பார்த்துக்கொள்கிறாரோ அவரையும் கூட்டிப் போங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. தினமும் ஒரே நேரத்தில் அளந்து, அளவும் நிறமும் எழுத வேண்டும். பச்சையோ பழுப்பு மஞ்சளோ சரி. முதல் ஒன்றிரண்டு நாள் இளஞ்சிவப்பும் இருக்கலாம். பிறகு சிவப்பு வந்தால் கூப்பிட வேண்டும். குழாயைக் கழுவச் சலைன் (உப்புநீர்) செலுத்தச் சொல்லியிருந்தால், சொன்ன அளவை மெதுவாக உள்ளே விடுங்கள், திரும்ப உறிஞ்சி இழுக்காதீர்கள்: குடல் கிருமி மேலே ஏறும். தள்ளும்போது தடுத்தால் பலம் கொடுக்க வேண்டாம்.

பித்தம் முழுவதும் வெளியே போகிறவருக்கு நீரும் உப்பும் சேர்ந்து போகின்றன. தலைசுற்றல், சிறுநீர் குறைதல் இருந்தால் உடனே தெரிவியுங்கள். அந்த மாமாவுக்கு 'காமாலைக்கு உப்பு ஆகாது' என்று பத்தியம் பிடித்ததில் ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டுப்பட்டை வியர்வையில் கழன்றுவிடும். ஈரமானால் மாற்றுங்கள், குழாயை வயிற்றில் இன்னோரிடத்திலும் ஒட்டி வையுங்கள், தூக்கத்தில் இழுபடாது. குளிக்கும்போது மேலே நீர் புகாத உறை. நீச்சல் குளம் வேண்டாம். குழாய் பொதுவாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். சுத்தமான துணிக்கட்டு வைத்து மூடி, அன்றைக்கே மருத்துவமனை. துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும். மூடி போட்டு வைத்த குழாய் என்றால், காய்ச்சலோ வலியோ ஓரத்தில் கசிவோ வந்ததும் மூடியைத் திறந்து பையோடு இணைத்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

படி 7: காய்ச்சல் வந்த இரவு

நான் தப்பு செய்த இடம் இது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்துப் பன்னிரண்டாவது வாரம், இரவு பத்து மணிக்கு அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. போர்வை, பனடால். காய்ச்சல் இறங்கியது, நிம்மதியாகத் தூங்கினோம். விடிகாலை நான்கு மணிக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், பேச்சு குழறல். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தோம். அடைத்த குழாய்க்கு மேலே தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி இரத்தத்தில் கலந்திருந்தது. அந்த ஆறு மணி நேரத்தைப் பனடால் மறைத்துவிட்டது.

குழாய் உள்ளவருக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், அல்லது காய்ச்சல் இல்லாமலே நடுக்கம் வந்தால் மணியைப் பார்க்காமல் அவசரப் பிரிவு. கீமோவிலும் இருந்தால் இன்னும் அவசரம். நுழைந்ததும் 'பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, இன்ன தேதியில் வைத்தது' என்று சொல்லுங்கள். இரத்தக் குழாய் வழி ஆண்டிபயாடிக் தொடங்கி, அடைத்த ஸ்டென்டை மாற்றுவார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் உலோகம் வைத்தார்கள்.

அன்றிலிருந்து குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்: ஸ்டென்ட் வகை, வைத்த தேதி, மாற்ற வேண்டிய தேதி, ஒவ்வாமை, மருந்துகள், கடைசிப் பிலிருபின். அம்மாவுக்காகத் தமிழில் ஒன்று, ஆம்புலன்ஸ்காரர்களுக்காக ஆங்கிலத்தில் ஒன்று.

படி 8: சாப்பாடும் அரிப்பும்

பத்தியம் பற்றி இன்னொரு வார்த்தை. ஏற்கனவே எடை இறங்கிக்கொண்டிருப்பவருக்கு எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை என்றால் புற்று தின்பதோடு நாமும் சேர்ந்து தின்கிறோம். பித்தம் ஓடத் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்: இட்லி, முட்டை, மீன் கஞ்சி, தயிர். மலம் எண்ணெய் மிதந்து நாறினால் கணைய நொதி குறைவு. சாப்பாட்டோடு விழுங்கும் நொதி மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தால் கட்டி குடலையும் அடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அரிப்புக்குக் குளிர்ந்த நீர்க்குளியல், பருத்தித் துணி, வெட்டிய நகம், தேங்காய் எண்ணெய். வழக்கமான ஒவ்வாமை மாத்திரை இதில் அதிகம் உதவாது. இதற்கென்றே செர்ட்ராலின், ரிஃபாம்பிசின் போன்றவற்றை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. 'சொரிஞ்சா சரியாயிடும்' என்று அப்பா எட்டு நாள் மறைத்தது வீண்.

படி 9: பணம்

பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு போனால் வெளிநோயாளி நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும். படுக்கை வகுப்பு பி2, சி என்றால் மானியம் அதிகம். சேர்வதற்கு முன் நிதி ஆலோசனைக் கவுண்டரில் மதிப்பீடு வாங்குங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு. மீதிக்குப் பிள்ளைகளின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். போதாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி, அதற்கு மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். பில் வந்த பிறகு போவதைவிடப் படுக்கையில் இருக்கும்போதே பார்ப்பது நல்லது.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு: மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று காமாலையோடு விமானம் ஏறுமுன், தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த விவர அறிக்கையும் படங்களும் கையில் இருக்கட்டும்.

படி 10: இன்னொரு குழாய் வேண்டுமா?

பதிமூன்றாம் மாதம் பிலிருபின் மீண்டும் ஏறியது. கட்டி கல்லீரலுக்குள் பரவியிருந்தது. பிடிபிடி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். இம்முறை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவே கேட்டார்: 'எதுக்கு டாக்டர்?' மஞ்சள் கொஞ்சம் குறையலாம், அரிப்புக்கு உதவலாம், நாள் கூடும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அரிப்பு அப்போது மாத்திரையில் அடங்கியிருந்தது. 'அப்ப வேணாம்,' என்றார் அப்பா. அவர் விருப்பத்தை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைத்தோம், வீட்டில் அண்ணனும் நானும் சண்டை போடாமல் இருக்க அது உதவியது. கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டால், எந்தக் குழாயும் வடிக்க முடியாத காமாலை இது என்று மருத்துவர் சொல்லும் நிலையும் உண்டு.

எச்சிஏ போன்ற அந்திமகாலப் பராமரிப்பு அமைப்புகளின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அசிசி, டோவர் பார்க் போன்ற அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களில் சேர்த்தும் பார்க்கலாம். பரிந்துரையை மருத்துவமனையே அனுப்பும். குழாய் உள்ளவருக்குக் கட்டு மாற்றுவது, அரிப்பு, வாந்தி, கடைசி நாட்களின் குழப்பம் எல்லாவற்றையும் அவர்களிடம் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த தாதி அப்பாவை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார், வந்ததும் முதலில் கையைப் பிடித்து வெப்பம் பார்ப்பார். குளிர்பெட்டித் தாளில் 'மாற்ற வேண்டிய தேதி' என்ற வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர்களுடைய இரவுநேரத் தொலைபேசி எண்ணை எழுதினோம்.